ஈயம் உருகும் அடுப்பு: துப்பாக்கியைத் தேடுகிறது சட்டம், நஞ்சைத் தேடுவது யார்?

கேமரன் மலையில் திரிங்காப்பைத் தாண்டி கம்போங் ராஜாவை நோக்கிச் செல்லும் சாலையில் இருக்கிறது கோலா தெர்லா. அதற்கும் அப்பால் புளூவேலியின் தேயிலைச் சரிவுகள். இடைப்பட்ட பள்ளங்களில் முட்டைக்கோசும் தக்காளியும் பிளாஸ்டிக் கூரைகளுக்குக் கீழே வரிசை பிடித்து நிற்கின்றன. அந்தக் கூரைகள் முடிகிற இடத்தில் காடு தொடங்கிவிடுகிறது.

காடும் தோட்டமும் இப்படித் தோளோடு தோள் உரசி நிற்கும் எந்த ஊரிலும் ஒரு பேச்சு ஓயாமல் இருந்துகொண்டே இருக்கும். அது காட்டுப்பன்றியைப் பற்றியது. மூன்று மாத உழைப்பை ஒரே இரவில் உழுதுவிட்டுப் போகும் பன்றிக் கூட்டத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு, யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்தி ஒரு பதில் சொல்வார். நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தால் போதும், குண்டை நாமே வார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அந்தப் பதில்.

தீபகற்பத்தில் கிளந்தான், பகாங் காட்டோரங்களிலும் கடல் தாண்டிச் சபா, சரவாக்கிலும் சொந்தமாகச் செய்த துப்பாக்கியோடு பிடிபட்டவர்களைப் பற்றிய செய்திகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. சபாவில் அதற்கு 'பாக்காக்கு' என்று தனிப்பெயரே உண்டு. துப்பாக்கி பிடிபட்டால் செய்தியாகிறது, வழக்காகிறது, தண்டனையாகிறது. அந்தத் துப்பாக்கிக்கான ஈயம் எந்த வீட்டின் பின்கட்டில், எந்தச் சட்டியில் உருகியது என்பதை யாரும் கேட்பதில்லை. கேட்கப்படாத அந்தக் கேள்விக்குள் ஒரு குடும்பத்தின், குறிப்பாக அதன் குழந்தைகளின், உடல்நலம் அடங்கியிருக்கிறது.

சட்டம் எவ்வளவு கடுமையானது?

மலேசியாவில் சுடும் ஆயுத விவகாரத்தில் விளையாட்டுக்கே இடமில்லை. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, உரிமம் இல்லாமல் ஆயுதமோ தோட்டாவோ வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 1971-ஆம் ஆண்டு சுடும் ஆயுதங்கள் (தண்டனை அதிகரிப்பு) சட்டம் இதைவிடக் கடுமையானது. சட்டவிரோதமாகச் சுடும் ஆயுதம் வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும் கிடைக்கும். அது தொழிற்சாலையில் செய்ததா, வீட்டில் இரும்புக் குழாயை வைத்துச் செய்ததா என்ற வேறுபாடு அங்கே உதவிக்கு வராது.

உரிமமின்றி ஆயுதம் தயாரிப்பதற்கு மரண தண்டனை வரை விதிக்க ஒரு காலத்தில் இடம் இருந்தது. கட்டாய மரண தண்டனையை ஒழிக்க 2023-இல் கொண்டுவரப்பட்ட சட்டத்தின் வழி திருத்தப்பட்டவற்றில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் ஒன்று. தண்டனை முறை மாறியிருக்கிறதே தவிர, குற்றம் சிறியதாகிவிடவில்லை.

இந்நாட்டுத் தமிழர்களுக்குத் தோட்டா என்ற சொல்லின் கனம் புதிதல்ல. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டின் பேரில் 1949 மே 4-ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அது அவசரகாலம், அரசியலும் வேறு. ஆனால் இன்றுள்ள ஆயுதச் சட்டங்களின் இறுக்கத்துக்கு அந்தக் காலத்து அச்சமும் ஒரு வேர். பன்றியை விரட்டத்தான் வைத்திருந்தேன் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என நினைப்பவர்கள் இந்த வரலாற்றை ஒரு முறை திரும்பிப் பார்ப்பது நல்லது.

இதோடு வனவிலங்குச் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காட்டுப்பன்றிகூடப் பாதுகாக்கப்பட்ட விலங்குதான். வேட்டையாட உரிமம் வேண்டும். பூர்வகுடி மக்கள் தங்கள் சொந்த உணவுக்காக, பட்டியலிட்ட சில விலங்குகளை வேட்டையாட மட்டும் சட்டம் விலக்கு அளிக்கிறது. விற்பதற்கு அனுமதி இல்லை. காட்டுக்குள் கண்ணியும் துப்பாக்கியுமாகத் திரிபவர்களைப் பிடிக்க 2019 முதல் போலீசும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையான பெர்ஹிலித்தானும் 'ஓப்பராசி பெர்செபாடு கசானா' என்ற கூட்டு நடவடிக்கையை நடத்தி வருகின்றன. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பு, காட்டில் வாழும் மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு என்று சொன்ன பிறகு இந்தக் கண்காணிப்பு இன்னும் இறுகியது. புலியின் இரைகளில் ஒன்று காட்டுப்பன்றி.

பயிரைக் காக்கத் துப்பாக்கி என்பது பழைய வழக்கும்கூட. பகாங்கில் வாழ்ந்த தியோடர் ஹப்பேக், 1930-களின் தொடக்கத்தில் மலாயா வனவிலங்கு ஆணையத்தின் விசாரணையை நடத்தியபோது, பயிர்க் காவலுக்கென்று கொடுக்கப்படும் துப்பாக்கிகள் வேட்டைக்குத் திரும்புகின்றன என்பதை ஒரு முக்கியச் சிக்கலாக முன்வைத்தார். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆகப் போகின்றன. சிக்கல் அப்படியே இருக்கிறது.

காரீயமா, வெள்ளீயமா?

இனி, யாரும் கேட்காத அந்தச் சட்டிக்கு வருவோம்.

தமிழில் 'ஈயம்' என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களைச் சுமக்கிறது. ஒன்று வெள்ளீயம். பேராக்கிலும் சிலாங்கூரிலும் தோண்டி எடுத்தது இதைத்தான். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும், ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் இதுதான். மற்றொன்று காரீயம். கார் பேட்டரியில் இருப்பதும், தூண்டிலுக்கும் வீச்சு வலைக்கும் கட்டும் குண்டும், துப்பாக்கி ரவையும் இது. முதலாவது சமையலறைக்குள் வரலாம். இரண்டாவது வரவே கூடாது.

மலாய் மொழியிலும் இதே குழப்பம் உண்டு. வெள்ளீயம் 'தீமா', காரீயம் 'தீமா ஹீத்தாம்', அதாவது கறுப்பு ஈயம். பழைய ரோமானியர்களும் ஒன்றைக் கறுப்பு என்றும் மற்றொன்றை வெள்ளை என்றும் அடைமொழி சேர்த்தே பிரித்தார்கள். ஆக, இது மொழியின் ஏழ்மை அல்ல. கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும் இரண்டு உலோகங்களை மனிதர்கள் எல்லா இடத்திலும் ஒரே பெயரில்தான் அழைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஆனால் அடைமொழியை விட்டுவிட்டு வெறுமனே 'ஈயம்' என்று பேசப் பழகியதால் ஓர் ஆபத்து வந்துவிட்டது. பாட்டி காலத்திலிருந்து ஈயம் புழங்குகிறோமே, என்ன ஆகிவிட்டது என்று கேட்கத் தோன்றுகிறது. பாட்டி புழங்கியது வேறு ஈயம்.

காரீயம் மென்மையான உலோகம். தூய காரீயத்தில் நகத்தால் கோடு போடலாம். சுமார் 327 பாகை செல்சியசில் உருகிவிடும்; விறகடுப்பே போதும். இந்த எளிமைதான் அதை வீட்டுக்குள் கொண்டுவந்தது. மென்மையாக இருப்பதால் துப்பாக்கிக் குழாய்க்குள் வழித்துக்கொண்டு ஒட்டும், வடிவம் கெடும் என்பதால் அதைக் கெட்டியாக்க வேறு உலோகங்களைக் கலக்கும் வழக்கம் உலகெங்கும் இருந்து வந்திருக்கிறது. வெள்ளீயம், ஆன்டிமனி, சில நேரம் சிறிதளவு ஆர்செனிக். ஆன்டிமனியின் தாதுவைத்தான் நம்முடைய பழைய மருத்துவம் அஞ்சனக்கல் என்றது. ஆர்செனிக் என்றால் பாஷாணம்.

இந்தக் கலவைக்கும் தமிழ்ப் பத்திரிகைகளுக்கும்கூட ஒரு உறவு உண்டு. கணினி வருவதற்கு முன் அச்சகங்களில் கோக்கப்பட்ட எழுத்துகள் காரீயம், வெள்ளீயம், ஆன்டிமனி ஆகிய மூன்றும் சேர்ந்த உலோகத்தில்தான் வார்க்கப்பட்டன. நாள் முழுக்க அந்த எழுத்துகளைக் கையால் எடுத்துக் கோத்தவர்களுக்கு வந்த வயிற்று வலியும் சோகையும், உலகெங்கும் அச்சுத் தொழிலின் நோய்களாக மருத்துவ நூல்களில் பதிவானவை.

பழைய பேட்டரி என்ற புதையல்

வீட்டில் வார்ப்பவர்கள் கடையில் தூய உலோகம் வாங்குவதில்லை. கிடைத்த கழிவைத்தான் உருக்குகிறார்கள். சக்கரத்தைச் சமன்படுத்த ஒட்டும் எடைக்கட்டிகள், பழைய குழாய்கள், எல்லாவற்றுக்கும் மேலாகக் கார், லாரி பேட்டரிகள். ஒரு சாதாரண கார் பேட்டரிக்குள் சுமார் 8 முதல் 10 கிலோ ஈயம் இருக்கிறது. துப்பாக்கிக் குண்டுக்காக என்றில்லை. மீன்பிடி குண்டு, அதாவது 'பத்து லாடுங்', வார்ப்பதற்கும் இதே கழிவுதான் உருக்கப்படுகிறது. அதில் சட்டச் சிக்கல் இல்லாததால் பயமும் இல்லை. ஆனால் புகைக்கும் தூசுக்கும் அது தெரியாது.

பேட்டரியை உடைத்து உருக்குவது இவற்றில் மிகக் கொடியது. உள்ளே இருப்பது கட்டி உலோகம் மட்டுமல்ல. கந்தக அமிலத்தில் ஊறிய ஈயச் சேறு அதில் இருக்கிறது. அது காய்ந்தால் மாவைப் போன்ற தூசாகப் பறக்கும். இன்றைய பேட்டரித் தகடுகளில் கால்சியமும் கலந்திருக்கும். ஆன்டிமனியோ ஆர்செனிக்கோ உள்ள பழைய ஈயத்தோடு இதைச் சேர்த்து உருக்கி, மேலே மிதக்கும் கசடை வழித்துக் கொட்டுகிறார்கள். அந்தக் கசடில் ஈரம் பட்டால் ஆர்சைன், ஸ்டிபைன் என்ற இரண்டு நச்சு வாயுக்கள் கிளம்பலாம். அவை இரத்தச் சிவப்பணுக்களை உடைப்பவை. உருகிய ஈயத்தில் ஒரு சொட்டு நீர் விழுந்தாலே ஆவியாகி வெடித்து, கொதிக்கும் உலோகத்தை முகத்தில் தெறிக்கவிடும். மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாத கேமரன் மலையில், திறந்த பின்கட்டில் இது நடந்தால் என்னவாகும் என்பதை ஊகிக்கப் படிப்பறிவு தேவையில்லை.

2005-ஆம் ஆண்டு திட்டமிடப்பட்ட கழிவுகள் விதிமுறைகளின் கீழ், பயன்படுத்தி முடித்த ஈய பேட்டரி எஸ்.டபிள்யூ. 102 என்ற எண்ணில் வரும் அபாயக் கழிவு. அதைக் கையாள உரிமம் பெற்ற இடங்கள் இருக்கின்றன. தொழிற்சாலையில் ஈயத்தோடு வேலை செய்பவர்களுக்காக 1984-இலேயே இந்நாட்டில் தனி விதிமுறைகள் வந்தன. இரத்தப் பரிசோதனை உட்பட. வீட்டின் பின்கட்டுக்கோ, லயத்துக் கொட்டகைக்கோ அந்த விதிமுறை எட்டுவதில்லை. அங்கே பரிசோதகரும் இல்லை, முகக்கவசமும் இல்லை. தந்தையின் சட்டையில் ஒட்டிய தூசு அப்படியே படுக்கைக்கு வருகிறது.

சத்தமில்லாத நோய்

ஈய நச்சின் பெரிய தந்திரம், அது வேறு நோயின் முகமூடியை அணிந்து வருவதுதான். வயிற்று வலி, மலச்சிக்கல், களைப்பு, பசியின்மை, சோகை. கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்றால், வீட்டில் ஈயம் உருக்குகிறார்கள் என்ற தகவல் மருத்துவருக்குத் தெரிய வேண்டும். துப்பாக்கிச் சட்டத்துக்குப் பயந்து அதைத்தான் யாரும் சொல்ல மாட்டார்கள். சட்டத்தின் கடுமை இங்கே எதிர்பாராத ஒரு வேலையைச் செய்கிறது. நோயை மறைக்கிறது.

உடலில் இவ்வளவு வரை இருக்கலாம் என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான ஈய அளவு எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே அளவு ஈயம் வயிற்றுக்குள் போனாலும், சிறு குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு அதிகமாக அதை உறிஞ்சிக்கொள்கிறது. இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடல் இன்னும் கூடுதலாக உறிஞ்சும். சத்துக்குறைவு உள்ள பிள்ளைகளை இந்த நஞ்சு இரண்டு மடங்கு தண்டிக்கிறது.

உள்ளே போன ஈயம் எலும்பில் தங்கிப் பல்லாண்டுகள் இருக்கும். ஒரு பெண் கருவுறும்போது எலும்பிலிருந்து வெளியேறி வயிற்றுப் பிள்ளைக்குப் போகும். அந்தப் பிள்ளைக்குப் பள்ளியில் கவனம் நிற்காது, கணக்கு ஏறாது, முன்கோபம் வரும். ஆசிரியர் மந்தம் என்பார், பெற்றோர் சேட்டை என்பார்கள். மூளைக்கு ஏற்பட்ட இந்தப் பாதிப்பைப் பின்னால் எந்த மருந்தாலும் சரிசெய்ய முடியாது. யுனிசெப்பும் பியூர் எர்த் அமைப்பும் 2020-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் இரத்தத்தில், அதாவது சுமார் 80 கோடிக் குழந்தைகளிடம், ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் இருப்பதாக மதிப்பிட்டது. முறைசாரா பேட்டரி மறுசுழற்சியை அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்றாகவும் அது குறிப்பிட்டது.

மற்றவர்கள் கொடுத்த விலை

செனகல் நாட்டுத் தலைநகர் டக்கார் அருகே தியாரோயே சூர் மேர் என்ற கடலோரக் குடியிருப்பு. பழைய பேட்டரிகளிலிருந்து ஈயம் பிரிப்பது அங்கே ஒரு குடும்பத் தொழில். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கே 18 குழந்தைகள் இறந்தார்கள். முதலில் காரணம் புரியவில்லை. பிறகுதான் மண்ணிலும் வீட்டுத் தரையிலும் ஈயத் தூசு கலந்திருப்பது தெரியவந்தது.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் தாய்லாந்தின் காஞ்சனபுரி மலைப்பகுதி. ஈயத் தாதுவைச் சுத்திகரித்த ஆலையின் கழிவு கிளிட்டி ஓடையில் கலந்தது. அந்த ஓடையை நம்பி வாழ்ந்த கரேன் பழங்குடியினர் நோயுற்றார்கள். நீண்ட வழக்குக்குப் பிறகு 2013-இல் அந்நாட்டு உச்ச நிர்வாக நீதிமன்றம் அவர்களுக்கு இழப்பீடு தர அரசுத் துறைக்கு உத்தரவிட்டது. தீர்ப்பு வந்தது. ஓடை உடனே தெளிந்துவிடவில்லை.

சட்டப்படி வேட்டை நடக்கும் நாடுகளிலேயே இப்போது ஈயக் குண்டுக்கு எதிர்ப்பு வலுத்திருக்கிறது. நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவையை அமெரிக்கா 1991-இலேயே தடை செய்தது. கலிபோர்னியா 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயத் தோட்டாவைத் தடுத்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 பிப்ரவரி முதல் ஈரநிலங்களில் ஈய ரவைக்கு இடமில்லை. குண்டு பாய்ந்த இறைச்சியில் கண்ணுக்குத் தெரியாத ஈயத் துகள்கள் சிதறிக் கிடக்கும் என்பது ஊடுகதிர்ப் படங்களில் தெளிவானது. காயத்தைச் சுற்றி வெட்டி எறிந்தால் போதாது. பன்றிக்கறியைப் பங்கு போட்டு வீட்டுக்கு வீடு கொடுக்கும்போது அந்தத் துகளும் பங்கு போகிறது.

மலை மண்ணுக்கு என்ன ஆகும்?

கேமரன் மலைக்கு இன்னொரு கவலையும் சேர்ந்துகொள்கிறது. தேயிலைக்குப் பிடித்தது அமிலத்தன்மை கொண்ட மண். அமில மண்ணில் ஈயம் எளிதாகக் கரைந்து நகரும். மண்ணில் உள்ள ஈயத்தைத் தேயிலைச் செடியும் ஓரளவு எடுத்துக்கொள்கிறது. முற்றிய இலையில் அது கொழுந்தைவிடக் கூடுதலாகச் சேரும். மலைச்சரிவில் கொட்டிய கசடும் பேட்டரி அமிலமும் மழையோடு இறங்கி ஆற்றில்தான் சேர வேண்டும். கோலா தெர்லாவில் நீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. மேலே இருப்பவர்கள் கொட்டுவது கீழே இருப்பவர்களின் குழாய்க்கு வரும் வழியில்தான் ஊர் அமைந்திருக்கிறது.

ஒரு வீட்டு அடுப்பால் ஒரு மலை கெட்டுவிடாது என்பது உண்மைதான். ஆனால் அந்த வீட்டுத் தரையும், அதில் தவழும் குழந்தையும் கெட அந்த ஓர் அடுப்பு போதும்.

செய்யக்கூடியவை

முதலாவது, பன்றித் தொல்லைக்குச் சட்டப்படியான தீர்வு எளிதாகக் கிடைக்க வேண்டும். பெர்ஹிலித்தானிடம் புகார் செய்ய வழி இருக்கிறது. சிறு விவசாயிகள் பலர் அதை நாடாததற்குக் காரணம், புகாருக்கும் நடவடிக்கைக்கும் இடையில் அறுவடை போய்விடும் என்ற எண்ணம். பயிர்ச்சேதப் புகார்களுக்குக் காலவரம்பு வைத்துச் செயல்பட்டால் அந்த எண்ணம் மாறும். தரமான சக்தியூட்டியோடு அமைக்கும் மின்வேலிக்கு வேளாண் துறை மானியம் தரலாம். வீட்டு மின்சாரத்தை நேரடியாக வேலிக்கு இழுப்பதோ ஆளைக் கொல்லும் வேலை. அது துப்பாக்கிக்கு மாற்று ஆகாது.

இரண்டாவது, பழைய பேட்டரி வீட்டில் தங்கக் கூடாது. புதிய பேட்டரி வாங்கும்போது பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்ளும் கடைகள் இருக்கின்றன. மலைப்பகுதிகளில் மாவட்ட மன்றம் ஆண்டுக்கு இரண்டு முறை சேகரிப்பு நாள் நடத்தினாலும் பெரும்பகுதி தீரும்.

மூன்றாவதுதான் முக்கியம். நோயைச் சொல்ல வருபவர் குற்றவாளியாகத் திரும்பக் கூடாது. மீன்பிடி குண்டோ வேறு எதுவோ, வீட்டில் ஈயம் உருக்கப்பட்டதா என்ற ஒரு கேள்வியைத் தாய் சேய் நலக் கிளினிக்குகளின் வழக்கமான கேள்விகளில் சேர்க்கலாம். பதில் மருத்துவக் குறிப்போடு நிற்க வேண்டும். சந்தேகம் இருக்கும் குழந்தைக்கு இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ஏற்கெனவே உருக்கிய வீடுகளில் தரையை உலர்ந்த துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத் துணியால் துடைப்பது, அந்தத் துணிமணிகளைத் தனியாகத் துவைப்பது, உருக்கிய சட்டியை ஒருபோதும் சமையலுக்கு எடுக்காதது, பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுக்கு முன் கை கழுவிவிடுவது ஆகியவை உடனே செய்யக்கூடியவை. செலவும் இல்லை.

நான்காவதாக, தமிழ்ப்பள்ளிகளும் கோயில் நிர்வாகங்களும் பொது இயக்கங்களும் ஈயத்தை அதன் முழுப்பெயரில் அழைக்கத் தொடங்கலாம். காரீயம் என்று சொன்னால் அதன் கறுப்பும் சேர்ந்து நினைவுக்கு வரும்.

நாட்டுத் துப்பாக்கி பிடிபடும்போது நீதிமன்றம் ஒருவரைத் தண்டிக்கும். அவர் சிறையில் இருக்கும் காலத்தில் அவருடைய வீட்டுப் பின்கட்டு மண்ணை யாரும் அள்ளிப் பரிசோதிக்கப் போவதில்லை. அந்த மண்ணில் அவருடைய பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள். போலீஸ் வழக்கு முடிந்த மறுநாள் சுகாதாரத் துறையும் சுற்றுச்சூழல் துறையும் அந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்ற ஒரு நடைமுறை வந்தால்கூட, கேமரன் மலை முதல் சபா வரை எத்தனையோ குழந்தைகளுக்கு அது உதவும். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. மூன்று துறைகள் ஒரே மேசையில் உட்கார்ந்தால் போதும்.